சுவருக்கும் வரும் நோய்

தம்பி எப்போதும் சனிக்கிழமைதான் வருவான். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செருப்புப் பட்டறை வாசலில் அவன் வழுக்கைத் தலை தெரிந்ததும், அப்பா போய்விட்டார் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். அப்போது ஒரு கிழவரின் பாதத்தை அட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டிருந்தாள். மடங்கிப்போன அவள் விரல்களில் பென்சில் நிற்காது. உள்ளங்கையில் ஒரு தோல்வாரைச் சுற்றி, அதில் செருகிக்கொள்வாள். கட்டை விரலைத் தாண்டிப் பக்கவாட்டில் பாதி வந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. குதிகாலைச் சுற்றி மறுபக்கம் வந்து கோட்டை முட்டவைத்த பிறகுதான், "காலை எடுத்துக்குங்க தாத்தா" என்றாள். அட்டையில் ஒரு காலி பாதம் கிடந்தது. மூன்று விரல்கள் இருந்தன.

வெளியே வந்து, "எப்போ?" என்று கேட்டாள்.

"என்ன எப்போ?"

"அப்பா."

"ஐயோ, இல்லக்கா. இருக்காரு. மூச்சுதான் கொஞ்சம் வாங்குது. டாக்டர் இனிமே ஆஸ்பத்திரி வேணாம், வீட்டுலயே வெச்சுக்குங்கன்னுட்டாரு." தம்பி கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டான். "உன்ன வரச் சொல்றாரு."

அவள் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள்; தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்தான். இந்த இல்லத்துக்கு அவள் வந்தபோது வயது பதினேழு. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அம்மா இருந்தவரை வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தாள். தம்பிக்கு மீசை முளைத்த நாளிலிருந்து அவன் வருகிறான். அப்பா வந்ததில்லை. வரச் சொல்லி அனுப்பியதும் இல்லை.

இங்கே எல்லோரும் அவளைச் செருப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொழுநோய் வந்து உணர்ச்சி போன கால்களுக்குச் செருப்புத் தைப்பது அவள் வேலை. ஆணி ஏறினாலும், கல் குத்தினாலும் தெரியாத கால்கள். மெத்தென்ற ரப்பரை வெட்டி, புண் இருக்கும் இடத்தில் குழித்து, ஆணியே இல்லாமல் ஒட்டித் தைத்துக் கொடுக்க வேண்டும். "ஊர்ல இருக்கறவனுக்குக் கால் வலிச்சா செருப்பு சரியில்லன்னு அர்த்தம். நம்மாளு வலிக்கலன்னு சொன்னாத்தான் எடுத்துப் பாக்கணும்" என்பார் பட்டறை மேஸ்திரி. அவருக்கும் அதே கால்தான். அவளுக்குக் கிருமி போய் எத்தனையோ வருடமாகிறது. மாத்திரை இரண்டே வருடத்தில் வேலையை முடித்துவிட்டது. ஆனால் அதற்குள் விரல்கள் மடங்கிவிட்டிருந்தன. வீட்டிலிருந்து யாரும் கூப்பிடவும் இல்லை. வேலை கற்றுக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள்.

இல்லத்தில் அந்தி நேரத்தில் பெண்கள் உட்கார்ந்தால் பேச்சு வீட்டைப் பற்றித்தான் போகும். ஒருத்தி அண்ணனைச் சபிப்பாள். ஒருத்தி புருஷனைப் பற்றிச் சொல்லும் வசவுகளில் மரத்திலிருக்கும் பறவைகூடப் பறந்துவிடும். அவள் மட்டும் ஒருநாளும் அப்பாவைக் குறை சொன்னதில்லை. அப்பா போதகர். ஒரு சிறிய சபையைக் கட்டி வளர்த்தவர். அவள் இடது முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய திட்டு வந்தது. ஒருநாள் அடுப்பு பட்டு அந்த இடம் பொசுங்கியும் அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்ன அன்று மாலை, அப்பா அவளைச் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காரவைத்து, வேதபுத்தகத்தைத் திறந்து ஒரு அதிகாரத்தை முழுவதும் உரக்க வாசித்தார். சபையில் வாசிக்கும் அதே குரல். தோலில் வெண்மை, அதைப் பலி செலுத்தும் ஆசாரியன் பார்ப்பது, ஏழு நாள் அடைத்துவைப்பது, மறுபடி பார்ப்பது. தீட்டு என்று கூவிக்கொண்டு, மற்றவர்கள் இருக்கும் இடத்துக்கு வெளியே அவன் தனியாகக் குடியிருக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் குரல் உடைந்தது. அப்பா அழுது அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. "நான் என்னம்மா செய்வேன்? இப்படி எழுதியிருக்கே" என்றார். அவள்தான் எழுந்துபோய் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். "பரவால்லப்பா" என்றாள்.

அந்த அழுகையை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருடத்தையும் ஓட்டியிருந்தாள். மற்றவர்களை வீடு துரத்தியது, தன்னை வேதம் அனுப்பியது என்று அவளுக்குள் ஒரு வித்தியாசம் இருந்தது. வெளியே சொல்ல மாட்டாள். ஆனால் அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அப்பாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆண்டவர் சொன்னதை மீற முடியுமா? மகளைவிட ஆண்டவர் பெரியவர் இல்லையா? இப்படி நினைத்துக்கொண்டால் இரவு தூக்கம் வந்துவிடும்.

"எப்ப போகணும்? இப்பவே கெளம்பட்டுமா? நல்ல சேல ஒண்ணு இருக்கு" என்று எழுந்தாள்.

தம்பி எழுந்திருக்கவில்லை. "உக்காருக்கா. அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

தம்பி போதகர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரியில் எபிரேயமும் கிரேக்கமும் சொல்லித்தருபவன். இந்த இரண்டு மூன்று வருடமாக, வேதபுத்தகத்தைப் புதிதாக மொழிபெயர்க்கும் குழுவில் இருக்கிறான். ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் சண்டை போடுவார்கள் என்று முன்பு சொல்லியிருக்கிறான். "எங்க பட்டறையிலும் அப்படித்தான், ஒரு வாருக்கு ரெண்டு பேரு அடிச்சுக்குவாங்க" என்று அவள் சிரித்ததுண்டு. இன்றைக்கு அவன் சிரிக்கிற முகத்தோடு இல்லை.

"அப்பா உனக்கு அன்னைக்கு வாசிச்சாரே, அந்த அதிகாரம். அதுல இருக்கற நோய் நம்ம நோய் இல்லக்கா."

அவளுக்குப் புரியவில்லை. "எந்த நோய்?"

"எபிரேயத்துல அந்த எடத்துல இருக்கற வார்த்தை சாராஅத். அதுக்கு இதுதான்னு ஒரே ஒரு நோய் கெடையாது. தோல் உரியறது, படை, வெள்ளையா பூக்கறது, எல்லாத்தையும் சேத்துச் சொல்ற பேரு. நீயே யோசிச்சுப் பாரு. அந்தச் சாராஅத் துணிக்கும் வரும்னு, வந்தா அத எரிக்கணும்னு அதே அதிகாரத்துல இருக்கு. அதுக்கடுத்து வீட்டுச் சுவருக்கும் வரும்னு இருக்கு. பச்சையாவும் சிவப்பாவும் சுவர்ல குழிகுழியா. சுவருக்கு நம்ம நோய் வருமா?"

"அதப் படிச்சிருக்கேன்" என்றாள் மெதுவாக. வந்த புதிதில் அவளுக்கு அந்தச் சுவர்தான் பயம். வீட்டில் தான் விட்டுவந்த அறைச் சுவரில் ஏதாவது பூத்திருக்குமோ, அதே அறையில் படுக்கும் தம்பிக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று அம்மா வரும்போதெல்லாம் கேட்பாள். வெள்ளையடித்துவிட்டோம் என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொல்வாள்.

"சுவர்ல வர்றது பூசணம். துணில வர்றதும் பூசணம்தான். உணர்ச்சி மரத்துப்போறதப் பத்தி அந்த அதிகாரத்துல ஒரு வார்த்தை கெடையாது. நம்ம நோய்க்கு மொத அடையாளமே அதுதானே? பின்னால எபிரேயத்தக் கிரேக்கத்துல மாத்துனவங்க, சாராஅத்துக்கு லெப்ரான்னு போட்டாங்க. லெப்ரான்னா செதில். மீனுக்கு இருக்கே, அது மாதிரி தோல் செதிலா உரியறது. அந்தக் காலத்துக் கிரேக்க வைத்தியருங்களுக்கு நம்ம நோய் தெரியும். ஆனா அத லெப்ரான்னு சொல்லல. அதுக்கு யானையோட பேர வெச்சிருந்தாங்க."

"யானையா?"

"தோல் தடிச்சு யானைத் தோல் மாதிரி ஆகுதுன்னு."

"நான் சாப்பிடற சாப்பாட்டுக்கு என்னைப் போய் யானைங்கறான்" என்றாள். இரண்டு பேரும் ஒரு கணம் சிரித்துவிட்டார்கள். பிறகு தம்பி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னான். பல நூறு வருடங்களில் எப்படியோ பெயர்கள் இடம் மாறிப்போயின. லெப்ரா என்ற பெயர் அந்த யானை நோயின்மேல் வந்து ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் லெப்ரசி என்று போட்டார்கள். அதைப் பார்த்து மற்ற மொழிக்காரர்களும் அவரவர் ஊரில் அந்த நோய்க்கு என்ன பெயரோ அதை எழுதிக்கொண்டார்கள். ஊரான் வீட்டுப் பழி நம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்த மாதிரி, யாருக்கோ சொன்னது இவர்கள் தலையில் விழுந்தது. இனிமேல் அச்சாகும் புத்தகத்தில் அந்த இடத்தில் இந்த நோயின் பெயர் இருக்காது. குழுவில் போன மாதம் முடிவாகிவிட்டது.

அவள் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு சம்பந்தமில்லாமல் ஒன்று தோன்றியது.

"அப்ப என் நீல ஸ்வெட்டர ஏண்டா எரிச்சாங்க?"

தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது. கொல்லையில் அது எரிந்ததை அவன் பார்த்திருக்கிறான்.

"இது உனக்கு எப்பத் தெரியும்? போன மாசமா?"

அவன் கைக்குட்டையை மடித்தான். மறுபடி பிரித்தான். "இல்லக்கா. நான் எபிரேயம் படிச்ச ரெண்டாவது வருசமே தெரியும். இருபது வருசத்துக்கு மேல ஆச்சு."

"அப்பாவுக்கு?"

"அப்பவே வந்து சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. பாதியில கை கழுவிட்டு எழுந்தாரு. 'அவகிட்ட சொல்ல வேணாம். அவ நிம்மதியா இருக்கா, இருக்கட்டும்'னாரு. அதுக்கப்புறம் சபையில அந்தப் பகுதிய அவர் வாசிச்சதே இல்ல."

"உனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது."

"நான் பயந்தேன்க்கா. அப்பா சொன்னதும் ஒருவிதத்துல சரியாத்தான் பட்டுச்சு. நீ ஒருநாளும் அவரக் குறை சொல்லல. அதப் போய்க் கலைக்கணுமான்னு இருந்துச்சு."

"இப்ப மட்டும் எதுக்குக் கலைக்கற?"

"அப்பாதான் சொல்லச் சொன்னாரு. அவருக்குக் கண்ணு போயிடுச்சுல்ல, புது மொழிபெயர்ப்ப தினமும் சாயங்காலம் அவருக்கு வாசிச்சுக் காட்டுவேன். காதுக்கு எப்படி இருக்குன்னு சொல்வாரு. போன வாரம் அந்த அதிகாரம் வந்துச்சு. நான் தாண்டிப் போயிடலாம்னு பாத்தேன். கண்டுபிடிச்சிட்டாரு. வாசிக்கச் சொன்னாரு. முடிச்சதும், திரும்ப வாசின்னாரு. மறுநாள் காலையில கூப்பிட்டு, 'போய் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லு. சொல்லிட்டு வரச் சொல்லு. சொல்லாம கூப்பிட்டுட்டு வந்துடாதே'ன்னாரு."

"ஏன்?"

"கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு."

அவள் எழுந்தாள். பட்டறைக்குள்ளே ரப்பர் ஒட்டும் பசையின் வாசனை வந்துகொண்டிருந்தது. அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தம்பிக்குத் தாங்குவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்குன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணுதாண்டா. எங்கப்பா நல்லவரு, அவரு கையில ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான். அத வெச்சுக்கிட்டுத்தான் தெனமும் தூங்கி எந்திரிச்சேன். விரல் போச்சு, வீடு போச்சு, அம்மா செத்ததுகூட எல்லாம் முடிஞ்சப்புறம்தான் எனக்குத் தெரியும். அப்பவும் நான் எதுவும் கேக்கல. இப்ப அதையும் பிடுங்கிட்டுப் போகத்தான் ரெண்டு பேரும் சேந்து வந்தீங்களா?"

"அக்கா..."

"நான் வரல. போய்ச் சொல்லு. சொன்னேன், கேட்டா, வரலன்னுட்டான்னு சொல்லு."

தம்பி கொண்டுவந்திருந்த பழப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான். அன்று மாலைவரை அது அங்கேயே இருந்தது.

மறுநாள் பட்டறையில் அவள் அந்தக் கிழவருக்கு ரப்பர் வெட்டினாள். மேஸ்திரி வந்து இரண்டு அடித்துண்டுகளையும் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டு எடது காலு உள்ள ஆளு யாரு நம்ம ஊர்ல?"

அவள் பார்த்தாள். இரண்டும் இடது. ஒரு நல்ல ரப்பர் துண்டு வீணாகிவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் இப்படிச் செய்ததில்லை. சிரிக்க முயன்று, முடியாமல், மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மேஸ்திரி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சாராஅத், லெப்ரா, யானை, சுவர், எல்லாம்.

"அப்ப தப்பு வார்த்தையாம்" என்று முடித்தாள்.

"சரி, தப்பு வார்த்தை. திருத்திட்டாங்க. நல்ல விசயம். இனிமே வெரலு மொளைக்குமா?" என்றார் மேஸ்திரி. அவர் தன் குச்சி விரல்களால் மேசைமேல் கிடந்த ரப்பர்த் துணுக்குகளைக் கூட்டிக் குவித்தார். "எங்க வீட்டுல புத்தகமே கெடையாது. எங்கப்பன் கைநாட்டு. வேற பாஷை என்ன, சொந்தப் பாஷையே எழுதத் தெரியாது. அந்த ஆளு என்னை இந்தக் கேட்டு வரைக்கும் வண்டியில கொண்டாந்து எறக்கிவிட்டுட்டு, தண்ணி வாங்கிட்டு வரேன்னு போனவருதான். எந்த வார்த்தையப் பாத்து என்னை விட்டுட்டுப் போனாரு, சொல்லு? பயந்தாரு. அவ்வளவுதான். ஒங்கப்பாரு கையில ஒரு புத்தகம் இருந்துச்சு, அத வெச்சுத் தள்ளுனாரு. எங்கப்பன் வெறுங்கையாலயே தள்ளுனாரு."

"எங்கப்பா அழுதாரு அண்ணே."

"எங்கப்பனும் அழுதிருப்பாரு. தண்ணி வாங்கப் போன எடத்துல." அவர் எரிச்சலோடு எழுந்தார். இந்தப் பேச்சு அவருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. "போதும் விடு. அந்த ரெண்டையும் எடுத்து வை. எப்பவாச்சும் எடது காலு மட்டும் இருக்கற ஆளு வருவான், ஒண்ணு தேஞ்சா இன்னொண்ணு ஆகும்."

அவளுக்கு மேஸ்திரிமேல் கோபம்தான் வந்தது. தன் அப்பாவையும் தண்ணீர் வாங்கப்போன ஆளையும் அவர் ஒரே தட்டில் வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் அறையில் விளக்குப் போட்டுக்கொண்டு வேதபுத்தகத்தை எடுத்தாள். அந்த அதிகாரம் அவளுக்கு மனப்பாடம். அதற்கு அடுத்த அதிகாரத்தைத்தான் அவள் வாசிப்பதில்லை. எத்தனையோ வருடமாக அந்தப் பக்கம் வந்தால் இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டிவிடுவாள். இன்றைக்கு நிறுத்தி வாசித்தாள். நோய் நீங்கினவனைப் பற்றியது அது. நோய் நீங்கினவன் தானாக ஊருக்குள் வர வேண்டியதில்லை. ஆசாரியன் வெளியே போக வேண்டும். வெளியே போய் அவனைப் பார்க்க வேண்டும்.

உடம்பில் கிருமி இல்லை என்று டாக்டர் சொன்ன வருடம், அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் தலை குளித்து, இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆசாரியன் வருவார், அப்பா வருவார் என்று நினைத்தாள். மழைக்காலம் வந்தபோது குடையோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை குளிக்கவில்லை. அன்றிலிருந்துதான் அந்தத் தாளைச் சேர்த்துப் புரட்டுவது. இதில் எந்த வார்த்தை தப்பு என்று தம்பியைக் கேட்க வேண்டியதில்லை. எபிரேயமானாலும் கிரேக்கமானாலும் ஆசாரியனை வெளியே போ என்றால் அவன் வெளியே போவதுதான். அவளுக்கு இது எப்போதுமே தெரியும். தெரிந்த இடத்தின்மேல்தான் அவள் இத்தனை காலம் அந்த அழுகையைப் போட்டு மூடிவைத்திருந்தாள். புத்தகத்தை மூடாமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். தாள் நனைந்தது.

அந்த வாரமெல்லாம் அப்பாவோடு மனதுக்குள் சண்டை போட்டாள். ரப்பர் வெட்டும்போது, தைக்கும்போது, சாப்பிடும்போது. பேசப்பேச அப்பாவின் முகம் தெளிவில்லாமல் போவதைக் கவனித்தாள். எதிரே உட்கார்ந்து வாசித்தவர் நாற்பது வயது மனிதர். கறுத்த மீசை. அவரைத் திட்டினால் அவர் கேட்டுக்கொண்டு நின்றார், ஆனால் அவர் இப்போது எங்கேயும் இல்லை. இருப்பவர் வேறு யாரோ ஒரு கிழவர். சனிக்கிழமை தம்பி வரவில்லை. அவனுக்குத் தைரியம் இருந்திருக்காது. திங்கட்கிழமை காலையில் அவள் மேஸ்திரியிடம் போய், "நாளைக்குள்ள வந்துடறேன்" என்றாள். அவர் எங்கே என்று கேட்கவில்லை. "படி ஏறும்போது பாத்து ஏறு. அவசரத்துல காலப் பாக்க மறந்துடாதே" என்றார்.

அவள் பஸ் ஏறினாள். முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும் என்று ஒரு நிறுத்தத்தில் தோன்றியது. உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று அடுத்த நிறுத்தத்தில் தோன்றியது. கம்பியை முழங்கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றாள்.

தம்பி வீடு இரண்டாவது மாடியில். அவள் அங்கே வந்ததே இல்லை. கதவைத் தம்பி மனைவி திறந்தாள். இருவரும் இல்லத்தில் இரண்டொரு முறை பார்த்துக்கொண்டதோடு சரி.

"வாங்கக்கா. உள்ள வாங்க. அவர் குழுவுக்குப் போயிருக்காரு, போன் பண்றேன்."

"வேணாம். வேலைய முடிச்சிட்டே வரட்டும்."

தம்பி மனைவி டீ கொண்டுவந்தாள். பிடி வைத்த கோப்பை. அந்த வளையத்துக்குள் அவளுடைய மடங்கிய விரல் நுழையாது. அவள் இரண்டு மணிக்கட்டுகளையும் நீட்டுவதற்குள் தம்பி மனைவி சட்டென்று கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவளுக்கு முகம் சுண்டியது. ஆனால் அந்தப் பெண் உள்ளே போய், அகலமான டம்ளரில் ஊற்றி ஆற்றி, டம்ளரின் வெளிப்பக்கத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்களுக்குக் கையில சூடு தெரியாதாமே, அவர் சொல்லியிருக்காரு. இப்ப குடிங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாமா ஒரு வாரமா தெனமும் காலையில மழிச்சுவிடச் சொல்றாரு. நீங்க வரலன்னு அவர் வந்து சொன்னாரே, அதுக்கப்புறமும். முந்தி வாரத்துக்கு ஒருதடவை மழிக்கறதுக்கே அவ்வளவு சத்தம் போடுவாரு."

அறை சிறியது. ஜன்னலை ஒட்டி மேசை, சுவரை ஒட்டிக் கட்டில். அதில் படுத்திருந்தவர் அவள் நினைத்ததைவிடச் சின்னவராக இருந்தார். மழித்த கன்னம் சிவந்து, ஒரு இடத்தில் கீறல் பட்டு, பளபளவென்று குழந்தைக் கன்னம் மாதிரி இருந்தது. மூச்சு உள்ளே போய்த் திரும்பி வர நேரமெடுத்தது. தம்பி மனைவி குனிந்து அவர் காதில் சொன்னாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அப்பா முகத்தைத் திருப்பினார். கண்கள் அவளுக்குக் கொஞ்சம் பக்கத்தில், வெறும் காற்றைப் பார்த்தன.

"தம்பி சொன்னானா?"

"சொன்னான்."

"எல்லாத்தையுமா? எனக்கு ரொம்ப நாளாவே தெரியும்ங்கறதையும்?"

"சொன்னான்."

அவர் தலையை அசைத்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். வாரமெல்லாம் பேசிவைத்திருந்ததில் ஒரு சொல்கூட நாக்குக்கு வரவில்லை. வந்தது வேறு.

"ஏம்பா சொல்லச் சொன்னீங்க? சும்மா கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே. நல்ல மனசோட வந்திருப்பேனே."

"தெரியும்" என்றார். மூச்சுக்காகக் காத்திருந்தார். "அன்னைக்கு நான் அழுதப்ப நீ கண்ணத் தொடச்சு விட்ட."

"ஆமா."

"அன்னைக்கு டாக்டர் உன்ன வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கலாம்னாரு. உங்கம்மாகிட்டயும் உங்கிட்டயும் நான் அதச் சொல்லல. சபையில ஒருத்தரும் வரமாட்டாங்களேன்னு பயம் வந்துருச்சு. வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்துதான் அந்தப் பக்கத்தத் தேடி எடுத்தேன்." மறுபடி நிறுத்தினார். உதடுகள் காய்ந்திருந்தன. "வார்த்தை சரியா இருந்திருந்தாலும் நான் வேற ஒரு பக்கத்தத் தேடியிருப்பேன்மா."

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் உருட்டினார்கள். அவள் ஜன்னல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருக்கிறோமா என்று கீழே பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பதினேழு வயதில் தான் துடைத்துவிட்ட கண்களை இப்போது பார்த்தாள். அவை வெளுத்து, நீர் கோத்து, எதையும் காணாமல் திறந்திருந்தன. அவரை அடிக்கலாம் போலிருந்தது. உதட்டுக்குத் தண்ணீர் தொட்டு வைக்கலாம் போலவும் இருந்தது. எது முதலில் என்று தெரியவில்லை.

"எனக்கு வரலப்பா" என்றாள். "பரவால்லன்னு சொல்ல இந்த வாட்டி எனக்கு வரல."

"வேணாம்மா" என்றார் அவர் அவசரமாக. "வேணாம். சொல்லாதே."

பிறகு அவர் கையை ஊன்றினார். எதற்கு என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. எழுந்திருக்கப் பார்க்கிறார் என்று நினைத்துத் தம்பி மனைவியைக் கூப்பிட வாயெடுத்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. இடுப்பைச் சுவர்ப் பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்தினார். நின்று மூச்சு வாங்கினார். தோளை நகர்த்தினார். மறுபடி இடுப்பை. நெற்றியில் வேர்வை அரும்பியது. கடைசியில் அவர் முழங்கை சுவரில் முட்டியது. அதற்குமேல் போக இடமில்லை என்று தெரிந்தபிறகும், இன்னும் கொஞ்சம் ஒடுங்கினார்.

கட்டிலின் இந்தப் பக்கம் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. இவ்வளவு நேரம் அவர் படுத்திருந்த இடம். மெத்தையில் ஒரு பள்ளம், அதன்மேல் கசங்கிய விரிப்பு. அப்பாவின் கை தடவிக்கொண்டே வந்து அந்தச் சுருக்கங்களை ஒவ்வொன்றாக நீவிவிட ஆரம்பித்தது. அவள் பையை முழங்கையில் மாட்டியபடி நின்று, அந்தக் கை போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.